அது மெட்ராஸ் ஐ இல்லை, கண்ணு

கண்ணு,

உன் போன் வந்தது. வால்பாறை எஸ்.டி.டி. பூத்தில் உனக்குப் பின்னால் யாரோ நின்று இருமிக்கொண்டே இருந்தார்கள். அந்த இருமலுக்கு நடுவே நீ சொன்னது இரண்டே விஷயம். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, பொண்ணு ஊட்டுல மட்டும் எதையும் சொல்லிப்போடாதீங்க" என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. தானாகப் போனதா, நீயே வைத்துவிட்டாயா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். போகட்டும், கடிதத்துக்கு லைன் கட்டாகாது. எழுதி முடித்ததும் உறையை ஒட்டாமல் சாப்பாட்டு மேஜையில் வைக்கப்போகிறேன். உங்கப்பா படிக்கட்டும். பெரியப்பா வந்தால் அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும். அவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, சமையல்காரர் வந்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த நேரத்தில் மகனுக்கு எழுதுகிற தாய் மனைவியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாமனாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் எழுதுவாள். அதெல்லாம் உனக்குத் தானாக வந்துவிடும். நான் எழுதப்போவது உன் கல்லீரலைப் பற்றி. சிரிக்காதே. பார்மசி காலேஜில் மருந்தியல் நடத்துகிறவளின் வயிற்றில் பிறந்துவிட்டு வேறு என்ன எதிர்பார்த்தாய்?

அன்றைக்குச் சேலைக் கடையில் நீ கருப்புக் கண்ணாடிக்குள் இருந்தாய். நான் வெளியே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், கேள். கந்த சஷ்டிக்கு விரதம் இருந்தால் கல்யாணம் தடங்கலில்லாமல் நடக்கும் என்று பெரியப்பா சொன்னார். நீயும் பாலும் பழமுமாகவே சஷ்டி முழுக்க ஓட்டினாய். உனக்குப் பட்டினி ஆகாது என்று நான் சொன்னதை நீயும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, உங்கப்பாவும் போட்டுக்கொள்ளவில்லை. சஷ்டி முடிவதற்குள் உன் இரண்டு கண்ணும் மஞ்சளித்துவிட்டன. மறுநாள்தான் கூறைச் சேலை எடுக்க மேட்டுப்பாளையத்திலிருந்து பூங்கொடியும் அவளுடைய அப்பா அம்மாவும் ஒப்பணக்கார வீதிக்கு வருவதாக ஏற்பாடு. உங்கப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காமாலை என்று தெரிந்தால் பெண்ணைக் கொடுப்பார்களா, பையன் தண்ணி போடுகிறவன் என்றல்லவா நினைப்பார்கள் என்று புலம்பித் தள்ளினார். பெரியப்பாதான் வழி கண்டுபிடித்தார். "மெட்ராஸ் ஐன்னு சொல்லிப்போட்டாத் தீந்துது. ஊரெல்லாம் அதுதானே இப்ப" என்று சொல்லி, போகிற வழியிலேயே ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி உன் மூக்கில் மாட்டிவிட்டார்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. பூங்கொடியின் அம்மா, "தம்பி, சித்த அக்கட்டால உக்காருங்க. ஒட்டிக்குமுங்க" என்று சொல்லி மகளைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். நீ தொட்டுப் பார்த்த சேலையை அந்த அம்மா தொடவில்லை. விரித்துக் காட்டிய கடைக்காரர்கூட உன் பக்கம் தலைப்பை நீட்டாமல் எட்ட நின்றே காட்டினார். உன் கல்யாணத்துக்கு எடுக்கிற சேலை, அதில் உனக்கு எது பிடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். எழுந்து போய் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வீசியிருப்பேன், உங்கப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். கல்யாணம் வரைக்கும் நீ ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது. முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கிடையாது என்பதால், மண்டபத்துப் பின்னறையில் யாருக்கும் தெரியாமல் உனக்கு இட்லி ஊட்டப்போகிறார்களாம். "தாலி ஏறிட்டா அப்புறம் யாரு வந்து கேக்கப்போறாங்க" என்றார் பெரியப்பா. நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு வால்பாறைக்கு பஸ் ஏறிவிட்டாய். நான் சொல்வது ஒன்றுதான். தாலி ஏறுவதற்கு முன்னால், உன் வாயால், அந்தப் பெண்ணிடம் நீ சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் மிச்சம் எழுதுவதெல்லாம் இதற்காகத்தான்.

உனக்கு என்ன என்பதையே நீ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நான் எப்போது சொல்ல ஆரம்பித்தாலும் "கிளாஸ் எடுக்காதீங்கம்மா" என்பாய். இப்போது எழுந்து போக முடியாது, படி. நாம் விழுங்குகிற மருந்துகளில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைகிற வகை. அப்படி இருந்தால்தான் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக முடியும். உள்ளே போவதற்கு உதவுகிற அதே குணம் வெளியே போவதற்கு இடைஞ்சல். சிறுநீர் தண்ணீர்தானே, அதில் எண்ணெய் எப்படிப் போகும்? சிறுநீரகம் வடிகட்டி அனுப்பினாலும் பாதி வழியில் நழுவித் திரும்பவும் ரத்தத்துக்கே வந்துவிடும். சனிக்கிழமை உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத் தண்ணீரை மட்டும் ஊற்றினால் என்ன ஆகும்? வழவழவென்று அப்படியே நிற்கும். அரப்புப் போட்டால்தான் எண்ணெய் தண்ணீரோடு போகும். கல்லீரலில் அரப்பு மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. அரப்பு எண்ணெயைச் சும்மா பிடித்துக்கொண்டு போகிறது, கல்லீரல் அதைவிட ஒரு படி மேலே போய், மருந்தின் உடம்பிலேயே இன்னொரு பொருளை ஒட்டவைத்துவிடுகிறது. சர்க்கரையிலிருந்து செய்த ஒரு அமிலத்தை ஒட்டும், இல்லாவிட்டால் கந்தகச் சத்தை ஒட்டும், இன்னும் சில சாமான்களும் அதனிடம் உண்டு. ஒட்டியதும் மருந்து தண்ணீரில் கரைகிற பொருளாகிவிடும், பெரும்பாலும் அதன் வீரியமும் போய்விடும். அப்புறம் சிறுநீரிலோ பித்தத்திலோ கலந்து நல்லபடியாக வெளியே போய்விடும். இந்த ஒட்டுகிற வேலையைச் செய்கிற நொதிகளுக்குத்தான் இணைப்பு நொதிகள் என்று பெயர்.

இந்த இணைப்புக்கு இங்கிலீஷில் கான்ஜுகேஷன் என்று பெயர். போன வருஷம் வகுப்பில் இதை நடத்தும்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஏனுங்க மேடம், கான்ஜுகேஷன்னா கண்ணாலமுங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், முகத்தைப் பார்த்தால் குறும்புக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை. "கண்ணாலம் இல்லைங்க தம்பி, இணைச்சீர்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எவ்வளவு சரி என்று எனக்கே பட்டது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தனியாக மணவறைக்குப் போய்விட முடியாது. அவனுடைய அக்காவோ தங்கையோ கூறைச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து நிற்க வேண்டும். அந்தச் சீர் முடிந்தால்தான் அவன் அடுத்த இடத்துக்கு நகர முடியும். மருந்தும் அப்படித்தான், துணைக்கு ஒன்று வந்து சேர்ந்தால்தான் உடம்பை விட்டுக் கிளம்பும். அந்த வருஷப் பரீட்சையில் இதைப் பற்றிய கேள்வியை என் வகுப்பில் ஒருவரும் தப்பாக எழுதவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். ரத்தத்தில் கிழடாகிப்போன சிவப்பு அணுக்கள் தினமும் உடைகின்றன. உடைந்ததிலிருந்து பிலிருபின் என்று ஒரு மஞ்சள் பொருள் வருகிறது. அதுவும் எண்ணெய்ச் சாதிதான். மருந்துக்கு ஒட்டுகிற அதே சர்க்கரை அமிலத்தை இதற்கும் ஒட்டித்தான் கல்லீரல் பித்தத்தில் அனுப்புகிறது. அதை ஒட்டுகிற ஒரு நொதி உன் உடம்பில் கொஞ்சம் மந்தம். வேலை செய்யாமல் இல்லை, நிதானமாகச் செய்கிறது. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ கொஞ்சம் மஞ்சள் ரத்தத்தில் தங்கிக் கண்ணில் வந்து நிற்கும். சாப்பிட்டால் போய்விடும். இதற்கு ஒரு வெளிநாட்டு டாக்டருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் பெரிய வியாதி மாதிரி இருக்கிறது என்பதால்தான் நான் உன்னிடம் அதிகம் சொல்வதில்லை. இது வியாதி இல்லை. ஒட்டாது, வளராது, ஆயுளைக் குறைக்காது. இந்த நான்கு வரியைத்தான் நீ அந்தப் பெண்ணிடம் சொல்லப் பயந்து, ஒட்டுகிற நோவு இருக்கிறது என்று பொய் சொல்லி உட்கார்ந்திருந்தாய்.

முதல் தடவை மஞ்சளித்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. நான் எம்.பார்ம் வைவாவுக்காக மெட்ராஸ் போயிருந்தேன். காய்ச்சலில் இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்திருக்கிறாய், கண் மஞ்சளாகியிருக்கிறது. பெரியப்பா உன்னை அப்படியே வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு தொண்டாமுத்தூர் பக்கம் பச்சிலை கொடுக்கிறவரிடம் போய்விட்டார். அவர் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கொடுத்தார். நான் கீழாநெல்லியைக் குறை சொல்ல வரவில்லை. கூடவே ஒரு பத்தியம் சொன்னார் பார், அதுதான் கெடுத்தது. உப்புக் கூடாது, எண்ணெய் கூடாது, நெய் கூடாது, காலையும் மாலையும் தண்ணியாக ஒரு கஞ்சி. பட்டினி போட்டால் மஞ்சளாகிற பிள்ளையை மஞ்சளுக்காகப் பட்டினி போட்டார்கள். கண் இன்னும் மஞ்சளித்தது. நோவு முற்றுகிறது என்று பத்தியத்தை இன்னும் இறுக்கினார்கள். நான் திரும்பி வந்து பார்க்கும்போது நீ கட்டிலில் கருவாடாகக் காய்ந்து கிடந்தாய்.

நான் உன்னிடம் முதலில் கேட்டது நினைவிருக்கிறதா? ஒரு கண்ணாடி டம்ளரில் மூத்திரம் பிடித்து வா என்றேன். உங்கப்பா, "அம்மணி, வந்ததும் வராததுமா என்ன இது" என்று வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார். டம்ளரில் இருந்தது தண்ணீர் நிறம். தொற்றில் வருகிற காமாலையாக இருந்தால் மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். ஏனென்றால் அங்கே கல்லீரல் சர்க்கரையை ஒட்டிவிட்டது, வெளியே அனுப்பத்தான் வழியில்லை, அதனால் ஒட்டிய மஞ்சள் சிறுநீரில் இறங்கிவிடும். உனக்கு ஒட்டவே இல்லை. ஒட்டாத மஞ்சள் தண்ணீரில் போகாது. எனக்கு அந்த டம்ளரைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் மீதியும் வந்துவிட்டது. கல்லீரலில் எந்தப் பழுதும் இல்லை, ஒட்டாத பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூட. அன்றைக்கே கோழிக் குழம்பு வைத்து, சோற்றில் நெய்யை விட்டுப் பிசைந்து உனக்கு ஊட்டினேன். "பத்தியத்தை முறிச்சுப்போட்டயே" என்று உங்கப்பா தலையில் அடித்துக்கொண்டார். கண் வெளுத்துவிட்டது. அது அந்தப் பச்சிலை கடைசியாக வேலை செய்ததால் வெளுத்தது என்றுதான் பெரியப்பா இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தக் கோபம் போகவே இல்லை.

இன்னொன்றும் இங்கேயே எழுதிவிடுகிறேன், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். "எங்க வகையறாவுல இந்த மாதிரி ஒண்ணும் கெடையாது" என்று உங்கப்பா அப்போது சொன்னார். இப்போது வருகிற ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தெரிகிறது, இது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கண்ணில் காட்டாது. அப்பா பக்கத்திலிருந்து ஒரு பங்கு, அம்மா பக்கத்திலிருந்து ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால்தான். ஆக, உன் மூக்கு எப்படி அவருடையதோ அப்படியே இதிலும் பாதி அவருடையது. நான் என் பாதியை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் வால்பாறையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தேயிலை பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது, காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்திருக்கிறாய். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணைப் பார்த்தவுடன் தொற்றுக் காமாலை என்று முடிவு செய்து உன்னைத் தனி அறையில் போட்டுவிட்டார். குவார்ட்டர்ஸில் உன்னோடு இருந்த பையன் உன் தட்டையும் டம்ளரையும் பிரித்து வெளியே வைத்துவிட்டான். செய்தி கேட்டு நான் ஓடிவந்தேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டது, ஆழியாறிலிருந்து மேலே வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். டாக்டரிடம் இரண்டு வார்த்தை சொன்னதும் அவர் பழைய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இதை உங்க பையன் வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எதுக்கு மேடம் இவ்வளவு தூரம் போயிருப்பேன்" என்று நொந்துகொண்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்ன சொன்னாய்? "யாரும் கேக்கலீங்களே அம்மா" என்றாய். எனக்கு அங்கேயே உன் காதைப் பிடித்துத் திருகலாம் போல இருந்தது. கேட்டால் நீ பொய் சொல்ல மாட்டாய், அது எனக்குத் தெரியும். கேட்காவிட்டால் நீயாக வாயைத் திறக்கவும் மாட்டாய்.

பூங்கொடிக்கு எதற்குத் தெரிய வேண்டும், சாப்பிட்டால் சரியாகிற விஷயம்தானே என்று நீ கேட்பாய். சொல்கிறேன். இந்த நொதி மஞ்சளை மட்டும் ஒட்டுவதில்லை. சில மருந்துகளையும் அதுதான் ஒட்டி அனுப்புகிறது. எல்லா மருந்தையும் இல்லை, பயப்படாதே, வேறு நொதிகள் உனக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. சளி, காய்ச்சலுக்குச் சாப்பிடுகிற மாத்திரைகளை அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. காய்ச்சலில் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு, குறையவில்லை என்று மாத்திரை மேல் மாத்திரையாகப் போடுவதை மட்டும் செய்யாதே. அது யாருக்குமே ஆகாது. அந்த மாத்திரையில் ஒரு சின்னப் பங்கு கல்லீரலுக்குள் விஷமாக மாறும், அதை ஒட்டி முறிக்க உடம்பில் ஒரு சரக்குத்தான் இருக்கிறது, பட்டினியில் அது வற்றிவிடும். புற்றுநோய்க்கு இப்போது புதிதாக வருகிற மருந்துகளில் உன் மந்தமான நொதியை நம்பியே வெளியேறுகிறவை உண்டு. அது உனக்கு வர வேண்டாம், வராது. என்றாலும் நாளைக்கு நீ எந்த வியாதியிலோ விபத்திலோ நினைவில்லாமல் கிடந்தால் டாக்டருக்கு முன்னால் நிற்கப்போகிறவள் நான் இல்லை. எனக்கு வயதாகிறது, மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது. அங்கே நிற்கப்போகிறவள் அவள். அவர் கண் பட்டினியில் மஞ்சளாகும், பழைய ரிப்போர்ட் இதோ இருக்கிறது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது. உங்களுக்குக் குழந்தை பிறக்கும். பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஒட்டுகிற வேலை இன்னும் சரியாகப் பழகியிருக்காது, நிறையக் குழந்தைகள் மஞ்சளித்துத்தான் தேறுகின்றன. உன் பிள்ளை கொஞ்சம் அதிகமாகவே மஞ்சளிக்கலாம். அப்போது வீடு முழுக்க ஆட்கள் கூடி என்ன பேசுவார்கள் தெரியுமா? "பிள்ளைத்தாச்சியா இருக்கறப்ப என்னத்தைத் தின்னாளோ" என்பார்கள். பால் சரியில்லை என்பார்கள். அவளுக்குப் பத்தியம் போடுவார்கள். அந்தப் பெண் பச்சை உடம்போடு உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் தப்பு என்று நினைத்து அழும், நீ பக்கத்தில் நின்று யாரும் கேக்கலையே என்று பார்த்துக்கொண்டிருப்பாய். நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால், குழந்தையை நேரத்தோடு டாக்டரிடம் காட்டுவாள், பேசுகிறவர்களை வாயை மூடச் சொல்லுவாள்.

சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமே என்பதுதான் உன் பயம். நிற்கலாம். நிற்காது என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. மண்டபம் போனால் போகட்டும். நான்கு பேர் பேசுவார்கள், மாசி வந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நல்ல பையன் நீ, உனக்குப் பெண் கிடைக்காமல் போகாது. இதெல்லாம் போன வாரம் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய்வந்த பிறகு எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் போனதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ரவிக்கை அளவு வாங்கி வருகிறேன் என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டு, காலேஜ் முடிந்து நேராக பஸ் ஏறினேன். உண்மையில் அவளிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவளுடைய அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் இருந்தார், அம்மா காப்பி போட உள்ளே போனார். பூங்கொடி அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அவளே மெதுவாக, "ஏனுங்க அத்தை, அவருக்கு வந்தது மெட்ராஸ் ஐ இல்லீங்கதானே?" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சரிகை பாக்கறதுக்குக் குனிஞ்சாருங்க. கண்ணாடி எறங்குச்சு. மெட்ராஸ் ஐன்னா செவந்திருக்கோணுமுங்க. மஞ்சளா இருந்துச்சு" என்றாள்.

"அம்மணி, அது ஒண்ணும் பயப்படற மாதிரி" என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்ல வேண்டாமுங்க அத்தை. அவரு சொல்லட்டுமுங்க."

"என்னன்னு தெரியாம உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தானுங்க இருக்குது. அப்பாகிட்டச் சொல்லலீங்க. சொன்னா உடனே நிறுத்திப்போடுவாரு. அன்னைக்குக் கடையில எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காந்தமுங்களே, அவரு பேசாம இருந்தாரு. இது ஒட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பக்கத்துல வந்து உக்காந்திருப்பனுங்க."

உள்ளே டபரா சத்தம் கேட்டது. நான் அவசரமாக, "அவன் சொல்லாமயே இருந்துட்டா என்ன பண்ணுவே? கல்யாணத்தை வேண்டாங்கிறயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அத்தை. கண்ணாலம் நடக்குமுங்க. பொறவு நான் அவருகிட்ட எதையும் கேக்க மாட்டனுங்க, அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை, கண்ணு. அளவு ரவிக்கையை மடித்து என் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். அவள் அம்மா காப்பியோடு வந்துவிட்டார், நான் குடித்தேன், சூடு இருந்ததா சர்க்கரை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. கேட்காவிட்டால் சொல்லாத பிள்ளையை நான் பெற்று வைத்திருக்கிறேன், இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று சொல்கிற பெண்ணை அவனுக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல், மரியாதையாக, ஆயுசுக்கும் ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவீர்கள். ஊரில் நல்ல ஜோடி என்றுகூடச் சொல்லுவார்கள்.

அதனால் அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள் என்பதற்காகத்தான் சொல்லவில்லை, உங்கப்பாவுக்காகவும் இல்லை, உனக்காகவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள், மத்தியானம் மண்டி கிடையாது, அவளுடைய அப்பாவும் இருப்பார். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கு. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னையும் கூப்பிடாதே. நான் எழுதியதை மனப்பாடம் செய்யவும் வேண்டாம், உனக்குத் தெரிந்த மாதிரி சொன்னால் போதும்.

நீ பிறந்த நாளிலிருந்து சாப்பிடு சாப்பிடு என்று உன் பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். இந்த ஒரு தடவை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடாதே. கண் நன்றாக மஞ்சளித்த பிறகு, அந்தக் கண்ணோடு போய் அவள் முன்னால் உட்கார்.

அம்மா